தோட்டத்தில் தட்டோடு நின்றவள்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் என்றால் எங்களுக்குக் கல்லறைகள்தான். அவர்களில் ஓவியர் ஒருவரும் இருந்தார் என்பது, சென்னையிலிருந்து வந்த ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டியபோதுதான் தெரிந்தது. சினிமா என்று நினைத்து ஊரே போயிருந்தது.

ஓவியர் தன் ஊரில் சோற்றுக்கு வழியில்லாதவராம். கப்பலேறி இங்கே வந்து, கோட்டை அதிகாரிகளுக்கு இல்லாத அழகையெல்லாம் வரைந்து கொடுத்துப் பிழைத்தார். பிறகு ஜாவாத் தீவுக்குப் போய்ப் பெரிய ஆளாகி, மாளிகை கட்டி, அங்கேயே செத்தார். கடைசிப் படம் அவருடைய தோட்டம். மனைவி, பிள்ளைகள், நாய் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பின்னால் எங்கள் நிறத்தில் ஒரு பெண் பழத்தட்டோடு நின்றாள். இந்தக் கரையிலிருந்து அவர் கூட்டிப்போனவளாம். பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். நான் வாயைப் பிளந்தேன்.

அந்த வாரம்தான் மாமா, அக்காவைத் துபாயில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். அம்மா பிடிகொடுக்கவில்லை. இப்போது மாமாவுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

"இன்னாக்கா யோசிக்கிற? அந்தக் காலத்துலயே நம்ம பொண்ணு கப்பலேறிப் போய்க்கீது."

அம்மா எழுந்து, படம் காட்டியவரிடம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சா சார்?"

அவர் நல்லவர். கூட்டத்துக்கு நடுவே கசப்பானதைச் சொல்ல மனம் வராதவர்.

"அவங்க வீட்லயே ஒருத்தரா இருந்துட்டாங்கம்மா."

அந்த ஒரு வாக்கியத்தில் அம்மா கரைந்துபோனாள்.

பஞ்சத்தில் அந்தப் பெண்ணை விலைக்கு வாங்கித்தான் கொண்டுபோனார்கள் என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். அந்த நல்லவருக்கு அது அன்றே தெரிந்திருக்கும். அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்கா இன்னும் அந்தத் துபாய் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் பாஸ்போர்ட் முதலாளியம்மாவின் பீரோவில் இருக்கிறது.

அக்கா கிளம்பிய காலை, அம்மா வழியனுப்ப வரவில்லை. விடியும்போதே ஏரியில் இறங்கிவிட்டாள். எங்கள் பெண்கள் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அக்கா கரையில் நின்று கூப்பிட்டாள். கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியிருந்த அம்மா, வாயில் பறியோடு திரும்பிப் பார்த்தாள். பறியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பெற்ற பெண்ணைவிட இறால் பெரிதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஏரியில் இறாலே இல்லாத மாதம் அது. வாய்விட்டு அழுதுவிடாமல் இருக்கத்தான் அம்மா பறியைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.