பிரிவில் நின்றவர்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது நடந்தது. நான் முழு நினைவோடு இருக்கும்போது நடந்தது. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை, அதனால் பார்வைக் கோளாறு என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. என் மனைவியிடம்கூடப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் சின்னக் கூட்டம் எங்களுடையது. தலைவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தன் வாயை மூடவே மாட்டார். அப்புறம் ஒரே வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர். அப்புறம் நான். அன்று ஐந்தாவதாக என் மச்சானும் வந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. அப்பா, அம்மா இல்லாமல் அவள் கையில் வளர்ந்தவன். புதிதாக மலை சைக்கிள் வாங்கி, ஒரு வாரமாக என்னை அரித்து எடுத்துவிட்டான்.

"முழுசா கூட்டிட்டுப் போறீங்க. முழுசா கொண்டுவந்து விடுங்க" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நாங்கள் தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

கிளம்பும் இடத்தில் அவனைச் சுற்றி நின்று ஆளாளுக்கு உபதேசம். டயரில் காற்றைக் குறை, வேரிலும் கல்லிலும் நல்ல பிடிமானம் கிடைக்கும் என்றார் டாக்டர். குறைத்தால் ரிம் அடிவாங்கும் என்றார் வங்கிக்காரர் ஒருவர். இருவருக்கும் அது பத்து வருஷத்துச் சண்டை. நான் என் பங்குக்குச் சொன்னேன். இறக்கத்தில் சீட்டை இறக்கிவிடு, உடம்பைப் பின்னால் தள்ளு, முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காதே. சக்கரத்தைப் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார். பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டியதில் அவன் ஹெல்மெட்டே தளர்ந்துவிட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், டாக்டருக்கு அடுத்து வருகிறவர் இறங்கி நிற்க வேண்டும். போகவேண்டிய பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். எல்லோரும் அவரைத் தாண்டிப் போவார்கள். எல்லோருக்கும் பின்னால் வருகிறவர் அவரிடம் 'கடைசி' என்று சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நின்றவர் சைக்கிளில் ஏறலாம். ஏறி, கடைசி ஆளுக்கு முன்னால் போய்விட வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது. அந்த வார்த்தையைக் கேட்காமல் மழை பெய்தாலும் இடத்தை விட்டு நகரக்கூடாது.

அன்று கடைசி ஆள் நான்.

உச்சிக்குப் போய்ச் சேரவே தாமதமாகிவிட்டது. டாக்டர் எல்லோரையும் அவசரப்படுத்தினார். டாக்டரைத் தவிர எங்கள் யாருக்கும் அந்த இறக்கம் பழக்கமில்லை; வழியில் ஒரே ஒரு பிரிவுதான். புதுப் பையன் தன் கண் பார்வையில் இருக்கட்டும் என்று மச்சானைத் தனக்கு அடுத்து வரச் சொன்னார். அப்படியென்றால் பிரிவில் நிற்கப்போவது அவன்தான். அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவர்கள் இறங்கினார்கள். நான் பெடலை மிதித்தேன். செயின் அறுந்தது.

கத்திப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. கல்லில் உட்கார்ந்து, அறுந்த கண்ணியைக் கழற்றி, வேறு ஒன்றைக் கோத்து முடிப்பதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. பனிமூட்டம் வேறு. மச்சான் அங்கே தனியாக நிற்பானே என்றுதான் நினைப்பு. ஹெல்மெட் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பிரிவுக்கு வரும்போது மணி ஆறே முக்கால்.

ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மச்சான் இல்லை. மச்சானின் ஹெல்மெட் சிவப்பு. இவர் தலையில் ஏதோ பழைய, வெளுத்துப்போன ஹெல்மெட். முகம் குனிந்திருந்தது. இடது கை இடப் பக்கம் நீண்டிருந்தது. வங்கிக்காரர்களில் ஒருவர் பையனை அனுப்பிவிட்டுத் தான் நிற்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"கடைசி" என்றேன்.

அவர் நகரவில்லை.

தாண்டும்போது பார்த்தேன். அவர் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்... அன்று மழையே இல்லை. பக்கத்தில் மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளில் ரப்பர் கட்டை பிரேக். எங்கள் கூட்டத்தில் டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளை டாக்டர் சேர்க்கவே மாட்டார்.

இதெல்லாம் கண்ணில் பட்டது. புத்தியில் ஏறவில்லை. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது அப்படித்தான். இடப் பக்கம் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் தரையைக் கவனித்தேன். பாதை முழுக்கக் காய்ந்த இலை. ஒரு டயர் தடம்கூட இல்லை. மூன்று சைக்கிளாவது முன்னால் போயிருக்க வேண்டும்... ஒரு தடம்கூட இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

பெடலை மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டால் பின் சக்கரத்தில் ஒரு சத்தம் வருமே... கிர்ர்ர்ர்... அந்தச் சத்தம்.

எனக்குப் பின்னால்.

பிரேக் பிடித்தேன். சத்தமும் நின்றது.

உருட்டினேன். கிர்ர்ர்ர்...

நிறுத்தினேன். நின்றது.

திரும்பிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் பனி மட்டும்தான். அதற்குள்ளே, மிகப் பக்கத்தில்...

டொக்.

டொக்.

அலறிக்கொண்டு முன்னால் ஓட்டியிருப்பேன். கால் வரவில்லை. அசையாமல் நின்றதால்தான் முன்னால் இருப்பதைப் பார்த்தேன். இரண்டு கட்டைக் கம்பங்கள். நடுவில் பலகை எதுவும் இல்லை. எப்போதோ ஒரு பாலம் இருந்த இடம். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கை அகலம்தான் மண். கீழே வெகு ஆழத்தில் ஓடைச் சத்தம்.

முதலில் வந்தது என் உயிரைப் பற்றிய பயம் இல்லை. இவர் காட்டிய வழியில் மச்சானும் வந்திருந்தால்? தரையில் படுத்துக்கொண்டு விளக்கைக் கீழே அடித்தேன். சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று வாய்விட்டு அழுதேன். கீழே பாறையும் தண்ணீரும்தான் தெரிந்தன.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினேன். பின்னால் சத்தம் இல்லை. பிரிவில் யாரும் இல்லை. அவர் நின்ற இடத்தில் மட்டும் மண் சேறாக இருந்தது. வலப் பக்கப் பாதையில் புதிய டயர் தடங்கள், தெளிவாக.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு முறை விழுந்தேன். முழங்கால் கிழிந்தது.

கீழே கார் நிறுத்திய இடத்தில் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். மச்சான் சிவப்பு ஹெல்மெட்டோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போய் அவனைக் கட்டிக்கொண்டேன். அடுத்த நிமிடம் சட்டையைப் பிடித்தேன்.

"கடைசின்னு கேட்காம எதுக்குடா எடத்த விட்டு வந்த?"

"அதான் இன்னொரு அண்ணன் வந்தாரே மாமா. நீ போ, நான் நிக்கிறேன்னு சொன்னார். பனியில முகம் தெரியல, நம்ம ஆளுன்னு நினைச்சேன்."

டாக்டர் எங்களை ஒருமுறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எல்லோரையும் காரில் ஏற்றி அப்போதே கிளம்பினார்.

திங்கட்கிழமை செயினை மாற்றச் சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் எங்கள் எல்லோருடைய சைக்கிளையும் பார்ப்பவர். எத்தனை முறை கூப்பிட்டாலும் மலைக்கு மட்டும் வரமாட்டார். செயின் எங்கே அறுந்தது என்று கேட்டார். சொன்னேன். பிரிவில் நின்றவரைப் பற்றியும் சொன்னேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

பல வருடங்களுக்கு முன்னால் அவருக்கும் ஒரு கூட்டம் இருந்ததாம். அப்போது பாதை இடப் பக்கம், அந்தப் பாலத்தின் வழியாகத்தான். ஒரு நாள் நல்ல மழை. அண்ணனின் நண்பர் பிரிவில் நின்றார். கடைசி ஆளுக்குச் சைக்கிள் பழுதாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வேறு வழியாக ரோட்டுக்கு இறங்கி, ஒரு லாரியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் சேர்ந்து போயிருப்பார்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். காலையில் மரத்தடியில் உட்கார்ந்த நிலையில் நண்பரைக் கண்டுபிடித்தார்கள். இரவெல்லாம் மழையில் நனைந்து, குளிரில் விறைத்துப்போயிருந்தார். கை இடப் பக்கம் நீட்டியபடியே இருந்ததாம். அதே மழையில்தான் பாலமும் போனது.

"அந்தக் கடைசி ஆள் யாருண்ணே?"

"நான்தான்" என்றார்.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நண்பர் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தானே? அதை நான் சொல்லிவிட்டேனே? இந்நேரம் அவர் போயிருப்பார் இல்லையா என்று கேட்டேன்.

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஒவ்வொரு வருஷமும் அதே நாள்ல நடந்து போய் நானும் சொல்லிட்டுத்தான் வரேன் தம்பி. போகமாட்டேங்கிறான். நின்ன எடத்த சும்மா விட்டுட்டுப் போக மனசு வரல போல. அவனுக்குப் பதிலா யாராச்சும் நிக்கணும்."

பதிலுக்கு ஒரு ஆள் என்று அவர் சொன்னது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைக் குடைந்தது. மச்சான் சோபாவில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அந்த ஆள் என்ன சொன்னார், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றேன்.

"என்ன மாமா, திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கிட்டு... 'இன்னைக்கு உனக்குப் பதிலா நான் நிக்கிறேன். இன்னொரு நாள் எனக்குப் பதிலா நீ வந்து நில்லு. நான் வீட்டுக்குப் போகணும்'னார்."

"நீ என்ன சொன்ன?"

"உதவி பண்ற மனுஷன்கிட்ட என்னத்த சொல்றது? சரின்னு சொன்னேன்."

மறுநாளே அவன் சைக்கிளை அவனைக் கேட்காமல் விற்றேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமைகளில் அவன் போன் எப்போதும் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள்.