நீர்நாய்க் குட்டிக்கு நேரம் கிடைத்த கதை

சிறுவர் பக்கத்துக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு, வாசகர்கள் முகத்துக்காகப் பாராட்ட மாட்டார்கள்; ஒரு தொல்லையும் உண்டு, அவர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒரு ஞாயிறு இதழின் சிறுவர் பக்கத்தில் என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எழுதுகிறேன். இத்தனை காலத்துக்குப் பிறகு, தினமும் எந்த நேரத்தில் எழுதுவது என்று தெரியாமல் அண்மையில் திண்டாடிப் போனேன். மேசை முன் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, மூடி, எழுந்து போய்க் காரணமில்லாமல் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே சாதி.

அந்தக் கால ஃபெரி

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை. வீடு அக்கரையில், பாகான் டாலாமில். அலுவலகம் இக்கரையில், பினாங்குத் தீவின் பீச் ஸ்ட்ரீட்டில். நடுவில் கடல், அதைக் கடக்கப் பழைய ஃபெரி. கார்கள் கீழே, ஆட்கள் மேலே. அது கிளம்பும்போது நானும் கிளம்புவேன். காற்றில் தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, தொடரின் அடுத்த பகுதியை எழுதுவேன். கரை நெருங்க நெருங்கக் கையெழுத்து கோழி கிளறியதுபோல் ஆகிவிடும். படகு துறையில் முட்டியதும் நிறுத்தியாக வேண்டும். மாலையில் திரும்பும்போது அதையே அடித்துத் திருத்துவேன். வார முடிவில் கதை தயார். அதற்கு வழக்கம் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது.

எதிர்ப் பலகையில் ஒரு துணிக்கடைப் பாய் உட்காருவார். "இன்னைக்கு யாரு கதையில?" என்று தினமும் விசாரிப்பார். ஒரு நாள் கிணற்றை எட்டிப் பார்க்கும் முயலோடு நான் ஒன்றிப்போயிருந்தேன். படகு முட்டியதும் தெரியவில்லை, எல்லாரும் இறங்கியதும் தெரியவில்லை. பாய் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து நின்றார்.

"முயல் எங்கயும் போயிராது தங்கச்சி, ஆபீஸ்தான் போயிரும், இறங்குங்கலா!"

விடியற்காலை

ஓய்வு பெற்றேன். நானும் என் வீட்டுக்காரரும் இக்கரைக்கே, கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். கடக்க வேண்டிய கடல் இல்லை, நாள் முழுக்க என்னுடையது. அந்த உற்சாகத்தில் ஒரு புதுத் தொடரை ஆரம்பித்தேன். சுங்கை பினாங் ஆற்றோரம் பிறந்த நீர்நாய்க் குட்டி ஒன்று பெருமழையில் தாயைப் பிரிந்து, வடிகால் குழாய்க்குள் புகுந்து நடுவில் சிக்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் 'தொடரும்' போட்டு அனுப்பினேன். அதோடு என் பேனாவும் குழாய்க்குள் சிக்கிக்கொண்டது.

நல்ல எழுத்தாளர்கள் விடியுமுன் எழுந்து எழுதுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நானும் எழுந்தேன். எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து வீட்டுக்காரரும் எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்து, தேநீர் போட்டு வைத்துவிட்டு, எனக்குத் துணையாக எதிர் நாற்காலியில் வந்து அமர்ந்தார். நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பேச மாட்டேன், நீ எழுதும்மா... ஆமா, மத்தியானத்துக்கு மீனா, கோழியா?"

புதுப் படகு

பழைய இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று ஒரு காலை பஸ் பிடித்துத் துறைக்குப் போனேன். பழைய ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டது தெரியும், என்னைப் போலத்தானே. புதுப் படகு பளபளவென்று இருந்தது. கண்ணாடி அடைத்து, குளிரூட்டி, மெத்தை இருக்கை எல்லாம் வைத்திருந்தார்கள். தாள் பறக்கவில்லை. முழங்கைக்கு வேலையில்லை. குட்டி குழாயில் கிடக்கும் பக்கத்தை ஒரு தடவை படித்து முடிப்பதற்குள் அக்கரைப் பட்டர்வொர்த் வந்துவிட்டது. இறங்கிப் போக எனக்கு அங்கே ஒரு காரியமும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். படகில் வேலை செய்யும் பெண் பக்கத்தில் வந்து, அன்பாகத்தான், கேட்டாள்.

"வழி தவறி வந்துட்டீங்களா ஆன்ட்டி, வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கா?"

பக்கத்தைப் பார்ப்பவர்

அந்தப் பக்கத்துக்கு இப்போது பொறுப்பாளர் தினேஷ். என் மகன் வயது, பொறுமைசாலி. கதை செவ்வாய்க்கிழமைக்குள் அவர் கைக்குப் போயாக வேண்டும். முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் என்று வாசகர்களுக்கு எழுதினார். அடுத்த வாரம் குறுக்கெழுத்துப் புதிர் போட்டு இடத்தை நிரப்பினார். மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மேல சொல்லிட்டாங்கக்கா, இந்தச் செவ்வாய் வரலன்னா தொடரையே நிறுத்திட்டு அந்த இடத்துல கலர் அடிக்கிற படம் போடணுமாம்; குழாய்க்குள்ள கிடக்கிற குட்டிய அப்படியே விட்டுட்டு எப்படிக்கா நிறுத்துறது?"

சாப்பாட்டுக் கடை

வீட்டில் ஆகாது என்று முடிவெடுத்து, கடைத்தெரு முனையிலிருக்கும் நாசி கண்டார் கடையில் ஒரு மூலை மேசையைப் பிடித்தேன். கூட்டத்துக்கு நடுவே தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தானே. ஆனால் ஃபெரியில் இருந்தவர்களுக்கு அவரவர் வேலைக் கவலை இருந்தது. இங்கே, காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, எல்லாருக்கும் என்மேல்தான் கவலை. தேநீர் ஆற்றும் தம்பி என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அடுத்த நிமிடம் கடையே நீர்நாயைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டது. குழாயில் எண்ணெய் ஊற்றச் சொன்னார் ஒருவர். குழாயை அறுத்துவிடச் சொன்னார் இன்னொருவர். குழாய் என்ன அளவு என்று கேட்டார், பைப் வேலை செய்கிற மூன்றாமவர்.

சிறுவர் கதையில் பெரியவர்கள் வந்து காப்பாற்றக் கூடாது, குட்டி தானாகத்தான் வெளியே வர வேண்டும், அது இந்தத் தொழிலின் விதி என்று விளக்கினேன். கல்லாவில் இருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பூனை மரத்துல மாட்டினாலே பொம்பாக்காரங்க தீயணைப்பு வண்டியோட வர்றாங்க, உங்க நீர்நாய்க்கு ஒரு போன் போடக் கூடாதாக்கா, இவ்வளவு கல் மனசா?"

டோபிக் கடை

திங்கட்கிழமை காலை, நாளை கடைசி நாள் என்ற நிலையில், வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழேயிருக்கும் டோபிக் கடைக்குப் போனேன். காசு போட்டால் இயந்திரம் தானே துவைக்கும். நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விட்டுவிட்டுப் போகவும் முடியாது. துணி நின்றதும் எடுக்காவிட்டால் அடுத்தவர் எடுத்துக் கூடையில் கொட்டிவிடுவார். வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் ஒரு பக்கமாகச் சுற்றின. நின்றன. பிறகு எதிர்ப் பக்கமாகச் சுற்றின.

அப்போதுதான் குட்டியின் பிரச்சினை எனக்கு விளங்கியது. அது முன்னால் போகவே முட்டிக்கொண்டிருந்தது. நானும் அதை முன்னால்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். பையிலிருந்த கதைப் பிரதியைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். குட்டி அழுவதை நிறுத்தியது. மூச்சை முழுக்க வெளியே விட்டது. உடம்பு கொஞ்சம் இளகியது. வாலை முன்னே விட்டு, அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடவென்று அதிர்ந்தபோது என் கையெழுத்தும் பழையபடி கோழி கிளற ஆரம்பித்தது. அந்த எழுத்தைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. இத்தனை நாளும் கடற்காற்றைத்தான் இழந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. நான் இழந்தது படகு துறையில் முட்டுகிற அந்த முட்டலை. "போதும், எழுந்திரு" என்று என்னைக் கேட்காமல் சொல்ல ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

வாலும் பின்னங்கால்களும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன, தலைதான் பாக்கி. தோளில் யாரோ தட்டினார்கள். தொழிற்சாலைச் சீருடையில், இரவு வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரு பெண் நின்றாள்.

"அக்கா, உங்க துணி எப்பவோ நின்னுருச்சு, நீங்க எடுக்கிறீங்களா, நான் கொட்டட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை

துணி உலர்கிற நேரத்தில் தலையும் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை காலையே கதை தினேஷிடம் போய்ச் சேர்ந்தது. கலர் அடிக்கிற படம் அவருடைய மேசையிலேயே தங்கிவிட்டது. ஞாயிறு மாலை, ஒரு வாசகி அனுப்பிய குரல் பதிவை எனக்கு அனுப்பிவைத்தார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம், மழலை இன்னும் போகாத குரல். பாராட்டு என்று நினைத்து, என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஆன்ட்டி, பின்னாலயே வந்திருக்கலாம்னு எனக்கு மொத வாரமே தெரியும், நீங்க ஏன் இவ்வளவு லேட்டு?"

இப்போதைய வழக்கம்

வீட்டு இயந்திரத்தைப் பழுது பார்த்தாயிற்று. அதன் முன்னால் நாற்காலி போட்டும் பார்த்தேன். அது நின்றால் என்னை விரட்ட யாரும் இல்லை. அதனால் தினமும் காலையில் டோபிக்கே போகிறேன். குட்டி இப்போது தாயைத் தேடி ஆற்று முகத்துவாரம்வரை வந்துவிட்டது. ஒரே சிக்கல், இரண்டு பேர் உள்ள வீட்டில் அத்தனை அழுக்கு சேர்வதில்லை. திரைச்சீலைகள் முடிந்தன. தலையணை உறைகள் முடிந்தன. நேற்று என் வீட்டுக்காரர் அலமாரி முன் நின்று, வெளிறிப்போன ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏம்மா, தீபாவளிக்கு எடுத்த சட்டை, நான் இன்னும் ஒரு தடவைகூடப் போடலயே!"

எழுத எந்த நேரம் நல்லது என்று இனி யாராவது கேட்டால், நம்மைக் கேட்காமல் நின்றுவிடும் எதன் முன்னாலாவது உட்காருங்கள் என்பேன், கூடவே சாயம் போகாத துணியாகப் பார்த்து வாங்குங்கள் என்றும்.