முழுப்பக்கமும் ஒரு மூலையும்

இளைஞர்களுக்குச் சிறப்பு மலர் போடுகிறவன், இளைஞர்களின் எழுத்து வந்து சேருமுன்பே பெரியவர்களின் படங்களுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். நீங்களும் எப்போதாவது ஒரு மலர் போட்டிருந்தால் இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. கட்டாரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இருபது வருடம் பக்கம் கட்டிவிட்டு வந்து, இப்போது கல்முனையில் ஓர் அச்சகத்தில் அதே வேலையைத் தமிழில் செய்கிறேன். அங்கே வெட்டியதெல்லாம் வெறும் செய்தி. இங்கே எதை வெட்டினாலும் யாரோ ஒருவரின் மருமகன்.

நீங்களே எழுதுங்க

ஓர் இளைஞர் கழகம் மலர் போட வந்தது. பதினொரு பேரிடம் வாழ்த்துரை கேட்டிருந்தார்கள். அதில் ஏழு பேர் படத்தை மட்டும் அனுப்பி, "நீங்களே எழுதிப் போடுங்க" என்றார்கள். ஏழு பேருக்காகவும் நானே இளைஞர்களை வாழ்த்தினேன். நாலாவது வாழ்த்துக்கு வரும்போது எனக்கு இளைஞர்கள் மேல் சலிப்பே தட்டிவிட்டது.

அந்த ஏழு பேரில் ஓர் அதிகாரிக்கு அவருடைய பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். முகம் கனிந்துபோயிற்று.

"நான் நல்லாத்தான் எழுதியிரிக்கன், என்ன?"

கறுத்த முடி

அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார், கழகத்துக்குக் கைகொடுக்கும் போசகர். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் அனுப்பிய படத்தில் முடியும் மீசையும் கறுகறுவென்று இருந்தன. பழைய கடவுச்சீட்டுப் படம்தான், சந்தேகமேயில்லை. இப்போதைய படம் ஒன்று கிடைக்குமா என்று பக்குவமாகக் கேட்டேன்.

"தம்பி, இது இளைஞர் மலர்தானே? பெரியாக்கள் மலர் போடக்குள்ள சொல்லுங்க, தாடியோட வாறன்."

முப்பத்திரண்டு பக்கம்

கழகத்தின் கையில் முப்பத்திரண்டு பக்கத்துக்குத்தான் வசதி இருந்தது. வாழ்த்துரை பதினொன்று, விளம்பரம் எட்டு, கழகத்தின் அறிக்கை, நிர்வாகிகளின் படங்கள் எல்லாம் ஏறியபோது ஒரு பக்கம் கூடிப்போனது. எதையாவது எடுக்க வேண்டும். செயலாளர் றிப்கா சிவப்புப் பேனாவால் கோடு போட்டது 'மூன்றாம் தரம்' என்ற ஒருபக்கக் கட்டுரைக்கு.

எழுதியவள் மாவடிப்பள்ளி ஊர்ப் பிள்ளை, பெயர் சஜீனா. உயர்தரப் பரீட்சை இரண்டு தரம் எழுதியும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. மூன்று தரம்தான் எழுத விடுவார்கள்; கடைசித் தரத்துக்குப் படிக்கிறாள். கலியாண வீட்டுக்குப் போகாமல் விட்டதையும், ரிசல்ட்ஸ் வந்த அன்று கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டே இருந்ததையும் அப்படியே எழுதியிருந்தாள். மலர் முழுவதிலும் இளைஞர் ஒருவர் தென்பட்ட பக்கம் அது ஒன்றுதான். றிப்காவிடம் அதைச் சொன்னேன். பேனாவை மூடித் திறந்து கொண்டிருந்தாள்.

"எனக்கும் மனமில்ல சேர். வாழ்த்துச் சொன்னவங்க கோவிச்சா அடுத்த மலரே இல்ல. இவள் கோவிச்சா அழுதிட்டு இரிப்பாள், அவ்வளவுதான்."

பேர்

மறுநாள் சஜீனாவே உம்மாவுடன் பஸ் ஏறி வந்துவிட்டாள். தன் பக்கத்தை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டாள். வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணினியில் பழைய பிரதியைத் திறந்து காட்டினேன். அவள் கட்டுரையை வாசிக்கவில்லை, தலைப்புக்குக் கீழே இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ரெண்டு தரமும் ரிசல்ட்ஸ் வரக்குள்ள இவட பேரை யாரும் கேட்டிரப்படா எண்டுதான் கதவச் சாத்தி வெச்சிருந்தம் சேர். இந்தத் தரம் பேர் வெளிய வரட்டும்."

மூலை

அவர்கள் போனதும் ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். பதினொரு பேரில் என் மேல் கோபித்தாலும் மறந்துவிடக் கூடியவர் அவர் ஒருவர்தான். உள்ளதைச் சொல்லி, அவருடைய பக்கத்தை விட்டுத்தர முடியுமா என்று கேட்டேன். கட்டுரையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கோழிக்கூடு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஆலைச் சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்டார். முடிந்ததும், "என்ட பக்கத்தை அந்தப் பிள்ளைக்கிட்டக் குடுங்க. படத்த மட்டும் ஒரு மூலையில போட்டு விடுங்க தம்பி" என்றார்.

போட்டேன். அவசரத்தில் படத்துக்குக் கீழே அவர் பெயரைப் போட மறந்தேன். மலர் வந்தபோது, சஜீனாவின் பெயருக்கு நேரே மூலையில் கறுத்த மீசையுடன் ஹாஜியார் சிரித்துக்கொண்டிருந்தார், வீட்டுப் பெரியவர் மாதிரி. வெளியீட்டன்று நான் அவர் கண்ணில் படாமல் பின்வரிசையில் ஒதுங்கினேன். மருதமுனையிலிருந்து வந்த அவருடைய பழைய கூட்டாளி மலரை விரித்து, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்: "என்ன ஹாஜியார், ரெண்டு தரமும் சரிவராத இந்தப் பிள்ளை உங்கட பேத்தியா?"

பெண்கள் பக்கத்தில் சஜீனாவின் உம்மா தலையைக் குனிந்தார். ஹாஜியார் மலரை வாங்கி, தூரத்தில் பிடித்து, தன் படத்தையும் அவள் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம், நம்மட பிள்ளைதான். மூணாந்தரம் எழுதப் போகுது. பாஸாக துஆ செய்ங்க."

அந்த மண்டபத்தில் அன்று அதிகம் கதைக்கப்பட்டது அந்த ஒரு பக்கம்தான் என்பதால், இப்போது வாழ்த்துச் சொல்ல வருகிற பெரியவர்கள் எல்லோரும் முழுப்பக்கம் வேண்டாம், இளைஞர் எழுதிய பக்கத்தில் ஒரு மூலை போதும் என்கிறார்கள், அத்தனை மூலைக்கும் இளைஞர்களைத் தேடி நான்தான் அலைய வேண்டியிருக்கிறது.