வளைவில் கிடந்த உளுந்தும் புகழ்பெற்ற உரைகளும்

ஊரையே இணங்கவைத்த பேச்சுகளை வகுப்பில் நடத்துவது சுலபம். நடத்தி முடித்த பிறகு அந்த மாணவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. பன்னிரண்டாம் வகுப்புக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தமிழ்ப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதி வகுப்பு தூங்கும். மீதி, தூங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கும். அந்தத் தூக்கத்தைக் கலைக்கத்தான் புகழ்பெற்ற தலைவர்களின் உரைகளைக் கையில் எடுத்தேன். ஆசிரியர் வேலைக்கு வருமுன் நாளிதழில் செய்தியாளராக இருந்தவன் நான். பேச்சைக் கேட்டு எழுதுவதும் சுருக்குவதும் கைப்பழக்கம். அன்னவாசல் பக்கம் உள்ள எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு அந்த உரைகள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கைதட்டல்

பேச்சை அச்சிடும்போது கூட்டம் எங்கே தட்டியது, எங்கே சிரித்தது என்பதை அடைப்புக்குறிக்குள் போடுவது பத்திரிகை வழக்கம். அப்படி அச்சான பழைய உரை ஒன்றை நகல் எடுத்து அருண்குமார் என்ற மாணவனிடம் கொடுத்து, மனப்பாடம் செய்து பேசச் சொன்னேன். மறுநாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். குரல் கணீரென்று இருந்தது. ஏற்ற இறக்கம் பிரமாதம். முதல் பத்தி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, அதே கம்பீரத்தோடு "பலத்த கைதட்டல்" என்றான். வகுப்பு ஒரு கணம் விழித்தது. பிறகு பெஞ்சுகள் அதிரத் தட்டியது. இரண்டாம் பத்தி முடிவில் "சிரிப்பு" என்றான். அதற்கு அவன் சொல்லியிருக்கவே வேண்டாம்.

பேசி முடித்தவனை அழைத்து, அடைப்புக்குறிக்குள் இருப்பது தலைவர் பேசியதல்ல, செய்தியாளர் சேர்த்தது என்று பொறுமையாக விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "அது தெரியும் சார். நானாச் சொல்லலேன்னா இவங்ய்ங்க எனக்கு எங்க தட்டப் போறாங்ய்ங்க?"

விளையாட்டு பீரியட்

ஒரே தொடக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவரை அசைப்பது, பெரிய பேச்சாளர்கள் பலரும் கையாண்ட முறை. திங்கட்கிழமை அதை நடத்தினேன். செவ்வாய்க்கிழமை விளையாட்டு பீரியட். விளையாட்டு பீரியடில் கணக்கு நடப்பது எந்தப் பள்ளியில்தான் இல்லை? கணக்கு ஆசிரியை சந்திரா டீச்சர் சாக்பீஸோடு உள்ளே போனார். முதல் பெஞ்சில் ஒருவன் எழுந்து, "எங்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது, அதில் புல் முளைத்திருக்கிறது" என்றான். அடுத்தவன் எழுந்து, "எங்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது, அதில் தலைமையாசிரியரின் கார் நிற்கிறது" என்றான். மூன்றாவது ஒரு பெண், "எங்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது, அதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம்" என்றாள். கடைசி பெஞ்சு வரை போகவிடாமல் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

வகுப்பு மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தபோது சந்திரா டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "சார், இனிமே பேச்சு நடத்துனா ரெண்டா நடத்துங்க. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணு அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு."

ஒத்துக்கொண்டு பேசுவது

அடுத்து எடுத்தது ஒரு நீதிமன்ற உரை. விடுதலைப் போராட்டக் காலத்தில் ஒரு தலைவர் கூண்டில் நின்று, தன் மேல் சொல்லப்பட்ட குற்றத்தை மறுக்காமல் முதலிலேயே ஒத்துக்கொண்டு, அதற்கு மேல் தன் நியாயத்தைக் கட்டுகிறார். எதிராளி எதைச் சொல்லி மடக்குவானோ அதை நாமே முதலில் சொல்லிவிட்டால் அவன் கை காலியாகிவிடும் என்று விளக்கினேன். வகுப்பு நம்பவில்லை. மாட்டிக்கொண்டால் இல்லவே இல்லை என்று சாதித்துப் பழகியவர்கள்.

ஜன்னலோரம் உட்காரும் சரண்யா கை தூக்கினாள். அன்னவாசலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர்ப் பெண். பத்தாம் வகுப்புக்கு மேல் அவள் வீட்டில் யாரும் படித்ததில்லை. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அளந்து பேசுவாள். "நீதிபதிகிட்ட ஒத்துக்கிரலாம் சார். எங்க ஆத்தாகிட்ட ஒத்துக்கிட்டா வெளக்கமாறுதான் பேசும்."

மெயின்ரோட்டோடு திரும்பிய பஸ்

பொதுத்தேர்வு நெருங்கி, மாலையில் சிறப்பு வகுப்பு தொடங்கிய நேரம். சரண்யா ஊருக்குப் போகும் டவுன் பஸ், மெயின்ரோட்டிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தது. அங்கிருந்து ஊருக்குக் கண்மாய்க்கரை ஓரமாக, இரண்டு பக்கமும் கருவேலங்காடு. இருட்டில் அந்த வழியே நடந்து வருவதாக இருந்தால் சிறப்பு வகுப்பும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். வீட்டில் இதற்கு மேல் பேச்சில்லை. சரண்யா பள்ளிக்கு வருவது நின்றது.

வகுப்பு கொதித்தது. கற்ற வித்தையைக் காட்ட இதைவிட இடம் கிடைக்குமா? சரண்யாவை ஊரிலிருந்து வரச்சொல்லி, இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் போனேன். கிளை மேலாளர் அவர்களை உட்காரவைத்துக் கேட்டார். அருண்குமார் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தான். அடுத்தவன் ஒரே தொடக்கத்தை அடுக்கினான். மூன்றாமவன் அவர் மனசாட்சியைத் தொட்டான். பேச்சில் குறை சொல்ல முடியாது. மேலாளர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாப் பேசுறீங்க தம்பிகளா. ஆனா பஸ்ஸை நிப்பாட்டுனது நான் இல்ல. கம்மாக்கர வளைவுல உளுந்து கெடக்குது, வண்டி வழுக்குது. போய் அந்த உளுந்துகிட்டப் பேசுங்க."

நூறு நாள் வேலையில் ஒரு கூட்டம்

உளுந்து அறுவடை முடிந்தால் செடியைக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டிகளின் டயர் ஏறி நெற்று உடையும். அப்புறம் கூட்டி அள்ளித் தூற்றிக்கொண்டால் போதும். வளைவில் சாலை அகலம், நாளெல்லாம் வெயில். ஆகவே ஊரில் பாதிப் பேர் அங்கேதான் பரப்புவார்கள். டெப்போவிலிருந்து திரும்பும் வழியில் சரண்யாவே சொன்னாள்: வளைவில் கிடந்ததில் பெரிய குவியல் அவள் வீட்டுடையது.

நான் பேச்சு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சனிக்கிழமை நூறு நாள் வேலையில் ஊர்ப் பெண்கள் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளிகளைத் திறக்கும்போது அவர்கள் முன்னால் போய் நின்றாள். நான் தள்ளி, வண்டியோரம் நின்றேன்.

"வளைவுல கெடக்குறதுல பெரிய குமி எங்க வீட்டுதுதான். மொதத் தப்பு எங்களுது" என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் இருந்த அவள் அம்மா சோற்றுக்கையோடு நிமிர்ந்தார். "அடியே, ஊருக்கு முன்னாடியா?"

ராக்காயி என்கிற பெண் விடவில்லை. "பஸ்ஸு டயரு ஏறுனாத்தான்டி உளுந்து ஒடையும். ஒம்பேச்சா வந்து ஒடைக்கும்?" கூட்டம் சிரித்தது.

"அதத்தான் அத்தே நானும் கேக்குறேன். பஸ்ஸு உள்ள வந்து எத்தன நாளாச்சு? எந்த டயரு ஏறுச்சு? போட்ட உளுந்து போட்டபடி கெடக்கு. ஆடுதான் ஏறுது." இப்போது சிரிப்பு ராக்காயி பக்கம் திரும்பியது. "ரோட்டுல போடாதீங்கன்னு சொல்லல. வளைவுல மட்டும் வேணாம். அங்கிட்டு கோயில் வரைக்கும் ரோடு நேராத்தான கெடக்கு, ஓரமாப் போடுங்க. வண்டியும் வரும், நெத்தும் ஒடையும். நானும் பரீட்ச எழுதிருவேன்."

"அங்க நெழலு விழும்டி."

"சாயங்காலந்தான அத்தே விழும்? அதுக்குள்ள நீங்க அள்ளிர மாட்டீங்களா?"

நேரான சாலையிலும் போடக்கூடாது என்றுதான் சட்டப் புத்தகம் சொல்லும். சட்டப் புத்தகம் அன்றைக்கு வாய்க்கால் வெட்ட வரவில்லை. பெண்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். ராக்காயியே முதலில், "எங்கிட்டாவது போட்டுத் தொலைவோம், பஸ்ஸு வரட்டும்" என்றார். கை கழுவ எழுந்த சரண்யாவின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "வீட்டுல வாயே தொறக்காது சார். எங்க உளுந்த நாங்களே அள்ள வைக்கிறதுக்கா இதப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனோம்?"

வெள்ளோட்டம்

மறுநாள் காலையில் வளைவு சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னோம். ஒரு வண்டியை உள்ளே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அன்று மாலை சிறப்பு வகுப்பு முடிந்து, மறுபடி பள்ளிக்கு வந்திருந்த சரண்யாவோடு நானும் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் பழனியப்பன் மெயின்ரோட்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி யோசித்தார். பிறகு உள்ளே திருப்பினார். வளைவுக்கு முன்னால் கண்டக்டர் இறங்கி, டார்ச் அடித்துத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். ஓர் உளுந்துகூட இல்லை. இரட்டை விசில் கொடுத்தார். வண்டி வளைவைத் தாண்டியது. கோயில் பக்கத்தில், அள்ளாமல் விட்ட ஓரத்துச் செடி டயருக்கு அடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ராக்காயி வாசலில் நின்று, மெதுவாகப் போகும்படி கையைக் காட்டினார். அது டிரைவருக்கா உளுந்துக்கா தெரியவில்லை.

பஸ் நின்றதும் சரண்யா பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நாளைக்கும் வருமா என்று டிரைவரைக் கேட்டாள். வரும் என்றார். அவள் வீட்டுக்குள் போகிறவரை பார்த்திருந்துவிட்டு, பழனியப்பன் என் பக்கம் திரும்பினார். "சார், அந்தப் புள்ளைய ஒருநா டெப்போவுக்குக் கூட்டிட்டு வாங்க. மச்சினன் கல்யாணத்துக்கு லீவு கேட்டு நாயா அலையிறேன், எனக்கும் ரெண்டு வார்த்த பேசட்டும்."

இப்போதெல்லாம் தேர்வு முடிந்து வெளியே போகும் மாணவர்களைவிட, பேசிக் கொடுக்க ஆள் கேட்டு வாசலில் நிற்பவர்கள்தான் எங்கள் பள்ளியில் அதிகம்.