ஒரு நாற்காலியும் இரண்டு நோட்டீஸும்

இராயபுரத்தில் எங்கள் வாசகசாலை ஓர் அரிசி மண்டியின் மாடியில் நடந்து வந்தது. மாடி மண்டிக்காரருடையது, அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கடை வைத்தவர். பெஞ்சுகளும் தினசரிப் பத்திரிகைகளும் படகுக்காரரின் உபயம்; கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு சுமக்கும் படகுகள் சில அவருக்குச் சொந்தம். மண்டிக்காரர் முகம் சுளித்தால் எங்களுக்கு இடமில்லை. படகுக்காரர் சுளித்தால் படிக்க ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கோ அந்த மாடியே கலாசாலை. அதைக் கட்டிக் காக்கும் காரியதரிசிப் பதவியும் என் தலையிலேயே விழுந்திருந்தது. பகலில் உப்பு டிப்போவில் மூட்டை நிறுப்பேன். மாலையில் இவ்விருவரின் கௌரவத்தை நிறுப்பேன். உப்பு தேவலை, மழை நாளில் மட்டுந்தான் கனம் கூடும்.

ஆண்டு விழா வந்தது. அக்காலத்தில் கூட்டமென்றால் அக்கிராசனாதிபதி ஒருவர் வேண்டும்; அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலியும் வேண்டும். எங்களிடம் அத்தகைய நாற்காலி ஒன்று இருந்தது. அதில் தம்மைத் தவிர வேறெவரும் அமரலாகாது என்று நம்பியவர்கள் இருவர் இருந்தனர்.

மண்டிக்காரர் விளக்கு வைக்கும் வேளையில் எங்கிருந்தாலும் கடைக்கு வந்து, தம் கையாலேயே லட்சுமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். நானறிய ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பக்தியை நம்பித் திட்டமிட்டேன். நான்கு மணிக்கு அவர் தலைமை வகிப்பார். ஆறு மணிக்குக் கீழே இறங்குவார். ஆறேகாலுக்குப் படகுக்காரர் வரும்போது நாற்காலி காலியாக இருக்கும். அச்சுக்கூடத்தில் இருவிதமாக நோட்டீஸ் அடித்து, அவரவர் தெருவில் அவரவர் பெயருள்ளதை மட்டும் நானே விநியோகித்தேன்.

நாற்காலி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. விளக்கு வைக்கும் வேளை வந்தது. மண்டிக்காரர் தம் மைத்துனரைக் கூப்பிட்டு, இன்றைக்குக் கற்பூரத்தை நீயே காட்டிவிடு என்று அனுப்பிவிட்டு, பேச்சின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார். மகாலட்சுமியே இரண்டாம் பட்சமானாள். அச்சமயம் ஜரிகைத் தலைப்பாகையோடு படகுக்காரர் படியேறி வந்து நின்றார்.

"இன்னா காரியதரிசி, என் நாற்காலில ஆரு குந்திகினு கீறது?"

"உம்ம நாற்காலியா? நோட்டீஸைப் படிச்சுப் பாரும்வே," என்றார் மண்டிக்காரர்.

"படிச்சிட்டுதான் நைனா வந்துகீறேன்."

இருவரும் மடியிலிருந்து நோட்டீஸை எடுத்து மாற்றிக்கொண்டார்கள். நிதானமாகப் படித்தார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரையும் ஒருத்தன் முட்டாளாக்கியிருக்கான்வே," என்றார் மண்டிக்காரர்.

"அதான் நைனா, நானும் சொல்லிகினே இருந்தேன்," என்றார் அதுவரை அதைச் சொல்லியேயிராத படகுக்காரர்.

மண்டிக்காரர் எழுந்தார். நாற்காலி காலியாகவே கிடக்க, இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். என்னைப் பதவிநீக்கும் தீர்மானத்தைப் படகுக்காரர் பிரேரேபித்தார், மண்டிக்காரர் ஆமோதித்தார். வாசகசாலையில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். அதை எழுதத்தக்க தமிழ் வேறெவருக்கும் வராததால் நானே எழுதி, நானே படித்துக் காட்டினேன்.

"வெறுமனே 'கண்டிக்கிறது'ன்னா போதாதுவே. 'வன்மையாக'ன்னு சேர்த்து எழுதும்," என்றார் மண்டிக்காரர்.

சேர்த்தேன். அச்சொல்லுக்கென்று முன்னதாகவே இடம் விட்டிருந்தேன்.

மறுநாள் மாடி திறந்திருந்தது, பத்திரிகைகளும் வந்திருந்தன. எனக்கு அது போதும். சாதாரண வாசகனாகக் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து படித்தேன். ஆனால் புதிய காரியதரிசியாக ஒருவர் சொன்ன ஆளை மற்றவர் ஏற்கவில்லை. பத்து நாள் சென்றது. மண்டிக்காரர் ஆளனுப்பி, நான் மன்னித்துவிட்டேன், பதவியை எடுத்துக்கொள், படகுக்காரருக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். அன்று மாலையே படகுக்காரரும் அதையே சொல்லியனுப்பினார்.

இருவரையும் தனித்தனியே கண்டு, இது தங்கள் ஒருவருடைய பெருந்தன்மையால் மட்டுமே நடந்தது என்று விண்ணப்பித்துக்கொண்டேன். இம்முறை எதையும் அச்சிடவில்லை.