பின்னால் நின்றவர்

எங்கள் வாட்ஸப் குழுவுக்கு ஒரே வேலைதான். தொடர் பார்ப்பது, பார்த்ததைப் பற்றிச் சண்டை போடுவது. வங்காளத்தில் பாலிகஞ்சிலும் ஜாதவ்பூரிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் சிலர் சேர்ந்து ஊரடங்குக் காலத்தில் ஆரம்பித்தது. ஊரடங்கு முடிந்த பிறகும் கலையவில்லை. காலை வணக்கப் படம் கூடாது, ஜோசியம் கூடாது, அரசியல் கூடாது. எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டால், அடுத்த முறை கூடும்போது அவர்தான் எல்லோருக்கும் சிங்காடா, இந்த ஊர் சமோசா, வாங்கி வர வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் அடிக்கடி வாங்கி வந்தார். அவருக்கு நீளமாக எழுதும் பழக்கம்; எழுதுகிற வேகத்தில் கொலைகாரன் பெயர் எங்காவது கசிந்துவிடும்.

குழுவில் மிகவும் கறாரானவர் அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர். பாலிகஞ்சில் ஒரே கட்டடத்தில் குடியிருந்த காலத்திலிருந்து பழக்கம். எல்லோரும் கொண்டாடும் தொடரை ஒற்றை வரியில் கவிழ்த்துவிடுவார். "பாதி நேரம் எல்லாரும் காரிலேயே போறாங்க, எப்பதான் பேசுவாங்க?" என்று எழுதினால் அதோடு அந்தத் தொடரின் கதை முடிந்தது.

அவர் கணவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அரசு நிறுவனம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மழை பிடிப்பதற்கு முந்தைய ஒரு புழுக்கமான காலையில், காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒன்றையே சொன்னார்.

"ஒரு அறிகுறிகூட இல்ல. இருந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பிடிமானம் இருந்தது. யாரும் மறுக்கவில்லை. மறுக்க ஒன்றும் இல்லை.

ஒரு வருஷம் கழிந்து, அடுத்த துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு வங்காளத் துப்பறியும் தொடர் வந்தது. முழுக்க நம் தெருக்களில் எடுத்தது. வங்கி மேலாளர் அதைப் பற்றி மூச்சுவிடாமல் எழுதினார். அக்கா மட்டும் பார்க்கவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "ரொம்ப மொக்கைம்மா, பார்க்காதேன்னுட்டா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் குழுவில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்? ஒரு மத்தியானம் ஆரம்பித்துவிட்டார். அன்றே அவரிடமிருந்து குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"மூணாவது எபிசோட்ல கரியாஹாட் மார்க்கெட் சீன் வருதில்ல, அதைக் கொஞ்சம் எல்லாரும் திரும்பப் பாருங்க. வளையல் கடைகிட்ட பின்னால நிக்கறது யாருன்னு சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

நான் போட்டுப் பார்த்தேன். போலீஸ் அதிகாரி நடைபாதைக் கூட்டத்தில் ஒருவனைப் பின்தொடர்கிறான். வங்காளப் புத்தாண்டுக்கு முந்தைய தள்ளுபடி விற்பனைக் காலம். எங்கு பார்த்தாலும் 'சைத்ர சேல்' பலகைகள். அதிகாரி ஒரு தூண் மறைவில் ஒதுங்கி நிற்கிறான். அவன் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, அத்தான்.

அதே வழுக்கை, அதே சரிந்த தோள், மகள் கல்யாணத்துக்கு எடுத்த பழுப்புக் கோடு போட்ட சட்டை.

குழுவில் அன்று திருவிழாதான். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, எங்களில் வயதில் சிறியவள், அந்தக் காட்சியை நிறுத்திப் படமாக்கி, வெளிச்சம் கூட்டி அனுப்பினாள். அங்கிளேதான், அங்கிளேதான் என்று எல்லோரும் எழுதினார்கள். அக்கா எதிர்வீட்டு வங்காளி அம்மாளைக் கூட்டி வந்து காட்டினாராம். மனுஷர் எங்களிடம் சொல்லாமலே நடிகராகிவிட்டார் என்று யாரோ எழுத, சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன.

அடுத்த நாள்தான் அது மாறியது. நாங்கள் பழக்கப்பட்டவர்கள். எந்தக் காட்சியையும் நிறுத்தி நிறுத்தி, கடிகாரம் என்ன காட்டுகிறது, கதவு திறந்திருக்கிறதா என்று துப்புத் தேடுகிறவர்கள். அந்தப் பழக்கத்திலேயே வங்கி மேலாளர் எழுதினார்: 'இடது கையால் கடையின் கம்பத்தைப் பிடித்திருக்கிறார். வலது கை நெஞ்சின் மேல் இருக்கிறது. சட்டைப் பையில் எதையோ தேடுகிறார் போலும்.'

கடைசியில் இருந்த அந்த 'போலும்', நெஞ்சின் மேல் கை எதற்கு என்பது எழுதி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டதால் சேர்த்தது என்று நினைக்கிறேன். உடனே இன்னொருவர், கண்ணாடியைத் தேடியிருப்பார் என்றார். செல்போனாக இருக்கும் என்றார் மற்றொருவர். வெயில் என்றாள் ஐ.டி. பெண்.

மறுநாள் மத்தியானம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனபோது டிவியில் அந்தக் காட்சி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய திரையில் அத்தான் கூடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. அவருடைய நாற்காலி திரைக்கு எதிரே. அக்கா அதில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பாரு" என்று ஓடவிட்டார்.

அத்தான் கம்பத்தைப் பிடிக்கிறார். தலை கொஞ்சம் குனிகிறது. வாய் திறந்திருக்கிறது. கடைக்குள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை முக்காலியை நீட்டுகிறது. அத்தான் அதைப் பார்க்கிறார், உட்காரப் போகிறார். அப்போது போலீஸ் அதிகாரி தூணை விட்டு நகர்கிறான். கேமராவும் அவனோடு நகர்ந்துவிடுகிறது. திரையில் இப்போது பேருந்து, டாக்ஸி, ஓடுகிற ஆட்கள்.

"போலீஸ்காரன் அங்க திரும்பி வருவானான்னு கடைசி எபிசோட் வரைக்கும் பார்த்தேன்" என்றார் அக்கா. "வரவே இல்ல. அந்தக் கடையை மறுபடி காட்டவே இல்ல."

ரிமோட்டை அழுத்தி மறுபடி அத்தானிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எல்லாரும் கண்ணாடி, போன்னு எழுதறாங்க. நீ ஒண்ணுமே எழுதலை. உனக்கு என்ன தோணுது?"

எத்தனையோ தொடர்களைப் பற்றி இதே கூடத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார். எப்போதும் அவருக்கு நேர்ப்பதில் வேண்டும்.

"அத்தானுக்கு வலிச்சிருக்குக்கா" என்றேன்.

அவர் தலையசைத்தார். அழவில்லை. "எனக்கும் அப்படித்தான் தோணுது. எங்கிட்ட சொல்லலை."

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தவர் மாதிரி இல்லை. எடுத்தவுடனே கேட்டார்.

"அந்தத் தொடர் மொக்கைன்னு எதுக்குச் சொன்னே?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"பார்த்துட்டியாம்மா?"

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன். அப்பா உக்காரப் போறதைப் பார்த்தேன். உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? அறிகுறியே இல்லைன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தே. அது ஒண்ணுதான் உன்னைத் தாங்கிக்கிட்டிருந்தது."

அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவளிடம் நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் அழுததுதான் நினைவிருக்கிறது.

அந்த வாரமே அக்கா கரியாஹாட் போக வேண்டும் என்றார். நான் கூடப் போனேன். பூஜைக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. ஐ.டி. பெண் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். நான் வாரா வாரம் காய் வாங்கும் இடம்தான். ஆனால் அன்று ஒவ்வொரு தூணும் தொடரில் வந்த தூண் மாதிரியே இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தோம். கடையை நடத்துகிறவள் எங்கள் வயதுக்காரி. கை நிறையக் கண்ணாடி வளையல்.

அக்கா வங்காளத்தில் கேட்டார். போன வருஷச் சைத்ர சேலில் ஷூட்டிங் நடந்ததை அவள் மறக்கவில்லை; அத்தான் போவதற்கு இரண்டு மாதம் முன். வியாபாரம் கெட்டுப்போனதை இப்போதும் திட்டினாள். ஜனங்கள் ஹீரோவைப் பார்த்தபடி அவள் தட்டுகளின் மேலேயே சாய்ந்தார்களாம். அக்கா போனில் அத்தானின் படத்தைக் காட்டி, இவர் இங்கே உட்கார்ந்தாரா என்று கேட்டார்.

அவள் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நினைவில்லை என்பதை உடனே சொல்ல அவளுக்கு மனசில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"தினமும் யாராவது உக்காருவாங்க, தீதி" என்றாள். "வெயில் அப்படி. தண்ணி கேப்பாங்க, குடுப்பேன். முகம் எப்படி ஞாபகம் இருக்கும்? இவர் உங்க வீட்டுக்காரரா? நல்லா இருக்காரா?"

அக்காவின் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று கடைக்கடியிலிருந்து முக்காலியை இழுத்துப் போட்டாள். அதே முக்காலிதானோ, வேறோ. அக்கா உட்கார்ந்தார். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தார். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருக்கிறேன் என்று உணர்ந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்தால் போகிறவர்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். பைகள், புடவை நுனிகள், குழந்தைகளின் முகங்கள்.

"இங்கேருந்து எழுந்து, பஸ் பிடிச்சு, வீட்டுக்கு வந்திருக்காரு" என்றார் அக்கா. "வந்து பெல் அடிச்சிருப்பாரு. நான்தான் கதவு திறந்திருப்பேன். அன்னிக்கு அவர் மூஞ்சி எப்படி இருந்ததுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். வரமாட்டேங்குது. ஏதாவது எபிசோட் ஓடிக்கிட்டு இருந்திருக்கும். கதவைத் திறந்துட்டுத் திரும்பி வந்து உக்காந்திருப்பேன்."

"அப்படி இருக்காதுக்கா."

"இல்லேன்னு நீ சொல்லுவே. நீ அங்க இல்லையே."

கிளம்பும்போது கடைக்காரி தண்ணீருக்குக் காசு வாங்க மறுத்தாள். அக்கா ஒரு டஜன் பச்சை வளையல் வாங்கினார், போட்டுக்கொள்ள அல்ல.

அதற்குப் பிறகு அக்கா குழுவில் எழுதவில்லை. அவர் எழுதாததால் மற்றவர்களும் எழுதவில்லை. எந்தத் தொடரைப் பற்றியாவது ஆரம்பிப்பதே தப்பு என்பதுபோல் இருந்தது. வங்கி மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தான் அதைக் கவனித்து எழுதியிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டார். நீங்கள் எழுதாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அந்த நாட்களில் நானும் என் கணவர் நடைப்பயிற்சி முடித்து உள்ளே நுழையும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று ஒரு நாள் சிடுசிடுத்தார். வழியில் எங்கேயாவது உட்கார்ந்தீர்களா என்று கேட்டேன். எதற்கு உட்கார வேண்டும் என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பூஜைக்கு அக்காவின் மகள் வந்தாள். அம்மாவும் பெண்ணும் அந்தக் காட்சியை ஒருமுறை சேர்ந்து பார்த்தார்களாம். பார்த்துவிட்டு, கேமரா நகர்ந்த பிறகு என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டார்களாம். மகள் சொன்னதில் அத்தான் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கிறார். அக்கா சொன்னதில் வளையல் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் எழுந்து போகிறார். "அவர் எதைத்தான் வாங்கினாரு?" என்று என்னிடம் சொன்னபோது அக்கா லேசாகச் சிரித்தார். அதற்குச் சில நாட்களில் குழுவில் அவர் வரி வந்தது: 'ஒளிப்பதிவு நல்லா இருக்கு. கதை சுமார். போலீஸ்காரன் சுத்தியும் முத்தியும் பார்க்கவே மாட்டேங்கறான்.'

இப்போது அதன் இரண்டாவது பாகம் வந்திருக்கிறது. போன சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். வங்கி மேலாளர் வழக்கம்போல் சிங்காடாவோடு வந்தார். ரயில் நிலையத்தில் ஒரு துரத்தல் காட்சி வந்தது. கதாநாயகன் ஓடுகிறான், எங்களில் ஒருவர் கண்ணும் அவன் மேல் இல்லை. நடைமேடை ஓரத்தில், பெட்டி மேல் உட்கார்ந்து சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் வயதான ஒருவர். அக்கா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"யாரோ" என்றார்.

அந்த மனிதர் திரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்த சிங்காடா ஆறிப்போகும் வரை அக்கா அதை ஓடவிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.