யன்னல் திறக்கும் பெட்டி

அப்பா எங்களைப் பிரிந்து இன்று முப்பத்தொரு நாள். வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய நற்குணங்களை எடுத்துச் சொல்வது மூத்த மகளின் கடமை என்று அம்மா சொன்னார். சொல்கிறேன். ஆனால் நான் செய்த ஒரு பிழையையும் சேர்த்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

அப்பா கொடிகாமத்தில், ரயில் பாதைக்கு அடுத்த வளவில் பிறந்தவர். இளவயதில் தந்தையை இழந்து, தம்பி தங்கையரைப் படிப்பிப்பதற்காக ரயிலில் கார்ட் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலை அவரைக் கண்டிப் பக்கம் கொண்டுவந்தது, கடுகண்ணாவையில் குடியேறினார். கலவர நாட்களில் எங்களைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தவர், அப்பாவோடு வேலை செய்த சிங்கள ட்ரைவர் ஒருவர். "இனி ஊருக்கே போயிடுவமப்பா" என்று அம்மா அழுதபோது, "எங்களுக்குச் சோறு தந்த சனத்தை விட்டிட்டு எங்கை போறது?" என்றாராம் அப்பா.

ரயிலைப் பற்றி அவரோடு வாதாடி வென்றவர் எவருமில்லை. பழைய சிவப்புப் பெட்டிதான் பெட்டி என்பார். நானும் விடமாட்டேன். ஆட்டத்தில் இடுப்பு ஒடிகிறதே, மழை பெய்தால் நனைகிறதே, கழிப்பறை நாற்றம் கொழும்பு வரைக்கும் கூடவே வருகிறதே என்று அடுக்குவேன். "உனக்குக் கதிரை மெத்தெண்டு இருந்தால் போதும், பிள்ளை. மனிசருக்குக் காத்து வேண்டாமோ?" என்பார். எங்கள் வீட்டில் அரசியல் பேசிச் சண்டை வந்ததில்லை, இதில் வரும்.

பிற்காலத்தில் நீரிழிவு முற்றி அவருடைய சிறுநீரகம் பழுதானது. மாதம் ஒருமுறை கொழும்பில் கிளினிக். அம்பிட்டியவில் இருக்கும் நான் கண்டியில் ஏறுவேன். அந்த ரயில் கடுகண்ணாவையில் நிற்காது என்பதால், அம்மா முச்சக்கர வண்டியில் அவரைப் பேராதனைக்குக் கூட்டிவந்து ஏற்றிவிடுவார். குளிரூட்டிய புதிய பெட்டியில்தான் நான் ஆசனம் பதிவுசெய்வேன். சாய்ந்துகொள்ளலாம், குலுக்கம் இல்லை, தூசி இல்லை. நோயாளிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குப் பெருமை.

அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "எந்த ஸ்டேசன், பிள்ளை?" என்று கேட்பார். ஆயுள் முழுதும் இந்தப் பாதையில் ஓடியவர் கேட்கிற கேள்வியா இது? புதிய பெட்டியை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் என்னைச் சீண்டுகிறார் என்றே நினைத்தேன். ஒருநாள், "கண்ணாடிக்கு வெளியாலை பாருங்கோவன் அப்பா!" என்று எரிந்து விழுந்தேன். அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் அந்தப் பெட்டியில் இடம் கிடைக்கவில்லை. கடுகண்ணாவையிலிருந்தே பழைய சிவப்பு ரயிலில் ஏறினோம். யன்னலோரம் அமர்ந்ததும் அப்பா கண்ணாடியைத் தானே மேலே தள்ளினார். பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. "இனிச் சுரங்கம்" என்பார், சுரங்கம் வரும். "பலன வருகுது, குளிரைப் பார்" என்பார், பலன வரும். பாலம், வளைவு, இஹலகோட்டே, கடிகமுவ, ஒன்றும் தப்பவில்லை. "தோத்துப்போனன் அப்பா, உங்கடை பெட்டிதான் பெட்டி" என்று சிரித்தேன்.

ரம்புக்கனயில் வடைக்காரர் ஏறினார். அப்பாவை முன்பே தெரிந்தவர். "கார்ட் மாத்தயா!" என்று சிங்களத்தில் ஐயா போட்டு அழைத்து மகிழ்ந்து, கடதாசியில் சுற்றிய கடலை வடையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அப்பாவின் கை வடைக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைத் தடவியது.

வடைக்காரர் அந்தக் கையைப் பிடித்து, வடையை உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

"அப்பா, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"வருசம் ஒண்டாச்சு, பிள்ளை. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, பயந்துபோவா."

வீட்டில் ஒவ்வொரு படியும் அவருக்கு மனப்பாடம். "உம்மடை குரலிலை கேட்டால்தான் செய்தி நல்லாயிருக்கு" என்று சொல்லிப் பத்திரிகையை அம்மாவையே வாசிக்க வைத்திருக்கிறார். அம்மாவும் வெட்கப்பட்டுக்கொண்டு வாசித்திருக்கிறார். பேராதனையில் என் தோளைப் பிடித்து ஏறியதைக் கால் பலவீனம் என்று நான் எண்ணியிருந்தேன்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

"நீ ஆசையா எடுத்த டிக்கெட். இந்தப் பெட்டியிலை எனக்கு எல்லாம் தெரியும், பிள்ளை. அதிலைதான் ஒண்டும் தெரியாது."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவருக்குக் காது காட்டிய வழியையும் நான்கு மாதம் பூட்டிவைத்தவள் நான். இனி எப்போதும் சிவப்புப் பெட்டிதான் என்று சொன்னேன். அன்றே அவரை ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்ட நேரத்திலிருந்து அம்மாவின் பக்கத்தை விட்டு அகலாத கடுகண்ணாவை அயலவர்களுக்கும், தோள் கொடுத்த பழைய ரயில் நண்பர்களுக்கும், இறுதிக் கிரியையிலும் இன்றைய கிரியையிலும் பங்கெடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தன் பெயரைச் சொல்லாமலே போன அந்த வடைக்காரரையும் கைகூப்பி நினைக்கிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். கொழும்பிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்த வாகனச் சாரதி. மலை ஏறத் தொடங்கும் இடத்தில், குளிரூட்டியை நிறுத்திக் கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இறக்கினார். மலைக்காற்று உள்ளே வந்தது. வீதி வேறானாலும், ரயில் வரும் ஒழுங்கில் ரம்புக்கன, கடிகமுவ, இஹலகோட்டே, பலன என்று ஒவ்வொரு பெயராக அப்பாவின் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

இந்த முறை அப்பா கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "கடுகண்ணாவை வந்திட்டுது, அப்பா."